தங்கச்சி பட்டிக்கு எடுத்த கம்பி

அறுபதுகளின் கடைசியில் திருப்பூரில், ராயபுரத்தை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியில் நான் மெக்கானிக்காக இருந்தேன். நிட்டிங் மெஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மோட்டார் எரிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ராசியான கை என்று பெயர். இப்படி ஒரு பெயர் வாங்கிவிட்டால் மனிதனுக்குத் தலை கழுத்தில் நிற்காது. செத்த மோட்டாரை ஓட வைத்தவனுக்கு, வீட்டுக் கஷ்டத்தையும் ஒரு கொறடும் நாலு முழம் கம்பியும் இருந்தால் சரிபண்ணிவிடலாம் என்று நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது. அந்த நினைப்பால் கெட்டது நானில்லை, என் தங்கச்சி. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கச்சியை மூலனூருக்குத் தெற்கே கட்டிக்கொடுத்திருந்தோம். மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் செம்மறி ஆடு, அவ்வளவுதான் அங்கே பிழைப்பு. ஆடுகளை ராத்திரிக்கு வீட்டுப் பக்கம் அடைக்க மாட்டார்கள். யாருடைய காட்டுக்கு எரு வேண்டுமோ அந்தக் காட்டிலேயே நாலு பக்கமும் படல் நிறுத்தி அதற்குள் அடைப்பார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை படலைப் பிடுங்கிப் பக்கத்து இடத்தில் நட வேண்டும். இப்படி இடம் மாறிக்கொண்டே போவதுதான் பட்டி. காட்டுக்காரர் அதற்குக் கூலியாகத் தவச தானியம் அளப்பார். படல் என்பது மூங்கிலும் விளாரும் வைத்துப் பின்னிய தட்டி. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். தங்கச்சியும் மாப்பிள்ளையும் அப்படித்தான் தூக்குவார்கள். முன்னால் போகிறவர் வேகமாகப் போவார், பின்னால் வருகிறவள் வைதுகொண்டே போவாள். பிள்ளை இல்லாத குறை அவர்களுக்கு இருந்தது. ஆனால் அந்த வசவைக் கேட்டவர்களுக்கு அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்று தெரியும்.

மாப்பிள்ளை நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். ஐந்தாம் நாள் அந்தப் படலின் முன்பக்கம் தூக்க ஆளில்லை.

கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்து நான் போயிருந்தேன். தங்கச்சி காட்டில் இருந்தாள். படலின் ஒரு முனையில் கயிறு கட்டித் தோளில் போட்டு, தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். மறுமுனை தரையில் தேய்ந்து காட்டில் கோடு விழுந்திருந்தது. இருபது படல், இருபது கோடு.

“கொழுந்தனாரு எங்க அம்மிணி?” என்றேன். பக்கத்து வீட்டில்தான் மாப்பிள்ளையின் தம்பி குடும்பம் இருந்தது.

“மொத மாசம் வந்தாங்கண்ணா. அவுங்களுக்கும் அவுங்க வேலை இருக்குமல்லங்க. மூணு நாளைக்கொருக்கா கூப்புட்டா மூஞ்சி சுண்டிப் போவுதுங்க.”

“ஆட்டை வித்துப்போடறதுதானே?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்திரண்டு ஆடு இருக்கிறவரைதான் அந்தக் காட்டில் அவளுக்கு மரியாதை. ஆடு போய்விட்டால், கொழுந்தனார் வீட்டுக் கட்டுத்தரையில் சாணி வழித்து அங்கேயே ஒரு வட்டில் சோறு வாங்கித் தின்கிற ஆள் அவள். பிள்ளையும் இல்லாத இருபத்தாறு வயசுப் பெண்ணை வேறு எப்படி வைத்துக்கொள்வார்கள்?

அப்போது எனக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் பழைய மோட்டார் ஒன்றைப் பார்த்துவர முதலாளி என்னை நீலகிரிக்கு அனுப்பியிருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு துரை வீட்டில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் ஒரு தகரப் பெட்டி. பேட்டரியை மாட்டினால் கடிகாரம் போல டிக் டிக் என்று அடித்தது. மாட்டுக்கு வேலி போடுகிற பெட்டி என்றான் சமையற்காரன். ஒரே ஒரு கம்பியை நாலு பக்கமும் இழுத்து இந்தப் பெட்டியில் கொடுத்தால், தொட்ட மாடு துள்ளி ஓடும், சாகாது என்றான். நானே கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் யாரோ சுண்டிவிட்டது போல இருந்தது. விளையாட்டுக்கு வாங்கி வந்து பரணில் போட்டிருந்தேன்.

படலுக்கு இரண்டு ஆள் வேண்டும். கம்பிக்கு ஒரு ஆள் போதும். இவ்வளவுதான் என் கணக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அது சாமி கொடுத்த யோசனை மாதிரிதான் தெரிந்தது.

எந்தக் கம்பி என்பதில்தான் என் புத்திசாலித்தனத்தை எல்லாம் காட்டினேன். கம்பெனியில் எரிந்துபோன மோட்டார்களின் செம்புக் கம்பி என்னிடம் மூட்டையாகக் கிடந்தது. முதலில் அதை எடுத்தேன். மேலே பூசியிருந்த வார்னிஷை அடி அடியாகச் சுரண்டி எடுப்பதற்குள் விரல் தோல் உரிந்தது. இழுத்துக் கட்டினால் ரப்பர் மாதிரி நீண்டது, பிறகு தொங்கியது, பிறகு அறுந்தது. செம்பைக் காட்டில் கட்டினால் ஆட்டைவிடக் கம்பிக்குத்தான் முதலில் காவல் போட வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். அதுவும் சரிதான். கட்டிடக்காரர்கள் முடிச்சுப் போடுகிற கறுப்புக் கட்டுக்கம்பியை யோசித்தேன். ஒரு மழைக்கு அது துருப்பிடித்துவிடும். துருவில் கரண்டு சரியாகப் போகாது.

கடைசியில் தங்கச்சியையே திருப்பூருக்கு வரச்சொன்னேன். மூன்று நாளைக்கு ஒருமுறை சுற்றி விரிக்கப் போகிறவள் அவள்தானே. தாராபுரம் வழியாகப் பஸ் மாறி வந்து இறங்கினாள். மாப்பிள்ளை போன பிறகு அந்த ஊரை விட்டு அவள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. கூப்பிட்டுக்கொண்டு ராயபுரத்து இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம்.

“முள்கம்பி குடுங்க பாய், ஒரே தடவையா தொலையட்டும்,” என்றேன்.

“ஐயையோ, வேண்டாமுங்க,” என்று கையை ஆட்டினார். “முள்ளுல மாட்டுன ஆடு பின்னால வர முடியாது. நீங்க பாட்டுக்கு அதுல கரண்டையும் வுட்டீங்கன்னா அது நின்ன எடத்துலயே துடிக்குமுங்க. வாயில்லாச் சீவன் பாவம் பொல்லாதுங்க. வெள்ளைக் கம்பி எடுங்க, துத்தநாகம் பூசுனது. பதினாலாம் நம்பரு. பத்து வருசமானாலும் ஒண்ணும் ஆவாது.”

பதினாலாம் நம்பர் கட்டை அவிழ்த்து, தங்கச்சியிடம் ஒரு முனையைக் கொடுத்தேன். பத்தடி விரித்துவிட்டுத் திரும்பச் சுற்றினாள். அது சுற்றுக்கு அடங்கவில்லை. சிலிர்த்துக்கொண்டு விரிந்து அவள் மணிக்கட்டில் அடித்தது. கோடு போல ரத்தம் கட்டியது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பதினெட்டாம் நம்பர் சன்னமாக இருந்தது. கம்பெனியிலிருந்து நூல் சுற்றும் பெரிய மரக்கட்டை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அதில் அவள் சரசரவென்று சுற்றினாள், விரித்தாள், மறுபடி சுற்றினாள். பல மாதம் கழித்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

“இது நல்லா வருதுங்கண்ணா. நான் ஒண்டியாவே போட்டுக்குவனுங்க.”

“மெல்லிசு ஆட்டுக் கண்ணுல படாதுங்களே,” என்றார் பாய்.

“அடிக்கொரு வெள்ளைத் துணி கட்டித் தொங்க வுட்டர்றனுங்க. பனியன் வேஸ்ட்டு இருக்குதல்லங்க,” என்றேன்.

“உங்க கம்பெனிக்காரங்களுக்கு மூக்கு ஒழுகுனாலும் பனியன் வேஸ்ட்டுதான், வேலி போட்டாலும் பனியன் வேஸ்ட்டுதான்,” என்று சிரித்தார். தங்கச்சியும் சிரித்தாள். முன்னூற்று ஐம்பது அடி நிறுத்துக் கொடுத்தார்.

கடையிலிருந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. எங்கள் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். மத்தியான நேரம். துணி பார்க்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னவோ சொல்ல மற்றவர்கள் புரை ஏறும்படி சிரித்தார்கள். தங்கச்சி நின்றுவிட்டாள்.

“அவுங்கெல்லாம் என்ன வேலைங்கண்ணா பண்றாங்க?”

“துணில ஓட்டை, நூல் விட்டது இருக்கான்னு பாக்கறது. பாத்து மடிச்சு வெக்கறது.”

“அது எனக்கும் வருமுங்களே. கண்ணு நல்லாத் தெரியுதுங்க.” மறுபடி அந்த மரத்தடியைப் பார்த்தாள். “நானும் வரட்டுங்களாண்ணா? ஆட்டை அங்கயே ஆருக்காச்சும் பங்கு வாரத்துக்கு வுட்டுட்டு வந்தர்றனுங்க. உங்க ஊட்டுல ஒரு மூலை போதுமுங்க.”

இருபத்திரண்டு ஆடும் காடும் அவளுக்கு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். அதை விட்டு வருகிறேன் என்று ஒருத்தி கேட்கிறாள் என்றால் எவ்வளவு நாள் அதை நெஞ்சுக்குள் உருட்டியிருப்பாள்? அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. நான் யோசித்தது வேறு. என் வீடு ஒற்றை அறை. என் மனைவி முகம் எப்படிப் போகும்? கம்பெனியில் ஆம்பளைகள் மெக்கானிக் தங்கச்சி என்று திரும்பிப் பார்ப்பார்களே. புருஷன் செத்து வருஷம்கூடத் திரும்பாமல் டவுனுக்கு அனுப்பிவிட்டான் பார் என்று சொந்தத்தில் சொல்வார்களே. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று சொல்வார்கள். ஊர் வாயே திறக்கவில்லை, நான் அதற்கு முன்பே பயந்து செத்தேன்.

“பொம்பளை ஒண்டியா இங்க வந்து என்ன பண்ணுவே? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க அம்மிணி,” என்றேன். தோளில் இருந்த கம்பிக் கட்டைத் தட்டிக் காட்டினேன். “அதுக்குத்தானே இது. இனிமே ஆருகிட்டயும் கையேந்த வேண்டியதில்ல. உன்ற காட்டுல நீ ராணியாட்ட இருக்கலாம்.”

“செரிங்கண்ணா,” என்றாள்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பஸ் கிளம்பும் வரைக்கும் கம்பிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியும் பேட்டரியும் எடுத்துக்கொண்டு போய் வேலி போட்டுக் கொடுத்தேன். குச்சிகளில் பீங்கான் குமிழ் வைத்து, ஆட்டு முழங்கால் உயரத்தில் ஒன்று, மூக்கு உயரத்தில் ஒன்று என்று இரண்டு வரிசை. வெள்ளைத் துணி எல்லாம் கட்டி முடித்தபோது ஏதோ கோயில் நோம்பிக்குத் தோரணம் கட்டியது போல இருந்தது. பெட்டியை முடுக்கினேன். டிக் டிக்.

ஆடுகள் அசையவில்லை. ஒன்று கம்பி மேலேயே சாய்ந்து முதுகைச் சொறிந்துகொண்டது. ரோமத்தைத் தாண்டிக் கரண்டு உள்ளே போகவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மெஷின் ஓடாவிட்டால் மெஷினை வைகிற ஆள் நான், ஆட்டை வைதேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. ஆட்டுக்கு ரோமம் இல்லாத இடம் மூக்கு. மூக்கால் தொட வைக்க வேண்டும். எதைக் கண்டால் மூக்கை நீட்டும்?

வரப்பில் இருந்த முருங்கையிலிருந்து தழை ஒடித்தேன். அந்த ஆடுகளுக்கு முருங்கைத் தழை என்றால் உயிர். தங்கச்சி சாயங்காலம் மடியில் ஒரு கை போட்டுக்கொண்டு வருவாள், ஒவ்வொன்றுக்கும் ஊட்டுவாள். அந்தத் தழையைத் தண்ணீரில் நனைத்துக் கம்பியில் அங்கங்கே கட்டினேன். ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

“கூப்புடு அம்மிணி. சாவாது. ஒருக்கா சுண்டுனாப் போதும், அப்பறம் ஆயுசுக்கும் கிட்ட வராது.”

கூப்பிட்டாள். முதலில் வந்தது மூத்த ஆடு. தாய் செத்த குட்டியாக வந்து, அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அது போகிற வழியில்தான் மற்றதெல்லாம் போகும். மூக்கை நீட்டித் தழையைத் தொட்டது. தூக்கிப் போட்டது போலப் பின்னால் விழுந்தது. எழுந்து அவளையே பார்த்தது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. பொழுது இறங்குவதற்குள் இருபத்திரண்டும் பாடம் படித்துவிட்டன.

அன்றைக்கு அவள் மடியில் இருந்த தழையை மூத்த ஆட்டுக்கு நீட்டினாள். அது மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “பாத்தியா, எப்புடி மனப்பாடம் பண்ணி வெச்சிருக்குது!” என்றேன். அவள் சிரிக்கவில்லை. தழையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஆடுகள் அதற்குப் பிறகு முருங்கையைத் தொடவே இல்லை.

வேலி நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு மணி நேரத்தில் தனியாகப் பட்டி மாற்றினாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் போய்ப் பேட்டரியை மாற்றிவிட்டு வருவேன். பேட்டரி இறங்கிப்போய்ப் பெட்டி நின்ற நாட்களிலும் ஆடுகள் கம்பிப் பக்கம் போகவில்லை. இன்னொன்றும் சொன்னாள். காலையில் மேய்ச்சலுக்கு விடக் கம்பியை அவிழ்த்துத் தரையில் போட்டால்கூட அவை தாண்டுவதில்லை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கம்பி கிடக்கிற இடத்தில் ஒரு சாக்கை விரித்தாள். சாக்கை மிதித்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தன. சாக்குதான் அவற்றுக்குக் கதவு. இதைக் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமை அடித்தேன். கரண்டே இல்லாத கம்பிக்குப் பயப்படுகிற ஆடு!

ஒன்றை மட்டும் நான் கவனிக்கத் தவறினேன். படல் இருந்தவரைக்கும் முகம் சுண்டினாலும் கொழுந்தனார் வீட்டு ஆள் யாராவது வரும். படலின் அந்தப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை பேசும். கம்பி வந்த பிறகு அவள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. யாரும் வரவும் இல்லை. நான் போகிற அன்றைக்கு அவள் நிறுத்தாமல் பேசுவாள். ஆட்டுக்குச் சளி, மழைக் குறி, பக்கத்துக் காட்டுச் சோளம் என்று எதை எதையோ பேசுவாள். இந்தப் பெண் இவ்வளவு பேசுகிறாளே என்று நினைத்திருக்கிறேன். பதினைந்து நாள் பேச்சு அது என்று எனக்குப் புரியவில்லை.

மறு வருஷம் ஐப்பசி. பள்ளத்தை ஒட்டிய ஒரு காட்டில் பட்டி போடக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்போம். வருஷத்தில் முன்னூறு நாள் அதில் மணல்தான் ஓடும். நான் சனிக்கிழமை சாயங்காலம் பேட்டரியோடு போனபோது தூறிக்கொண்டிருந்தது. நனைந்தால் பெட்டி கெட்டுவிடும் என்று கழற்றித் தங்கச்சி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பெட்டி இல்லாவிட்டாலும்தான் ஆடுகள் கம்பியைத் தாண்டாதே. அந்தத் தைரியத்தில் தூங்கினோம். மழை ராத்திரி முழுக்கப் பெய்தது. மேற்கே எங்கோ இன்னும் பலமாகப் பெய்திருக்க வேண்டும்.

விடிகிற நேரத்தில் தங்கச்சி என்னை உலுக்கி எழுப்பினாள். “அண்ணா, பள்ளம் சத்தம் போடுதுங்க.”

நாங்கள் ஓடிப் போனபோது பட்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். செம்மண் கலங்கி இழுத்துக்கொண்டு போகிறது. ஆடுகள் எல்லாம் மேட்டுப் பக்கம், கம்பியை ஒட்டி நெருக்கிக்கொண்டு நின்றன. கம்பிக்கு இந்தப் பக்கம் இருபதடியில் மேடு. தாண்டினால் பிழைத்தன. தங்கச்சி சாக்கைத் தேடினாள். காணோம், தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

நான் கொறடால் கம்பியை வெட்டினேன். இரண்டு வரிசையையும் வெட்டி, அந்தப் பக்கத்துக் குச்சிகளையும் பிடுங்கி எறிந்தேன். மேட்டுக்கு இப்போது ஒரு தடையும் இல்லை. பா... பா... என்று கூப்பிட்டாள். மூத்த ஆடு ஓரடி வந்தது. கம்பி இருந்த இடம் வந்ததும் நின்றது. அது நிற்க எல்லாம் நின்றன. அங்கே கம்பி இல்லை, குச்சி இல்லை, துணி இல்லை. ஆனாலும் யாரோ கோடு கிழித்தது போல அந்த இடத்தில் வரிசையாக நின்றன.

நான் பின்னாலிருந்து அடித்தேன். பக்கவாட்டில் ஓடினவே தவிர அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. தங்கச்சிக்கு என்ன தோன்றியதோ, வரப்புக்கு ஓடி, முறிந்து கிடந்த முருங்கைக் கிளையிலிருந்து தழையை உருவி வந்து நீட்டினாள். வா சாமி, வா, வா என்று கெஞ்சினாள். பதட்டத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. தழையைக் கண்டதும் மூத்த ஆடு மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்னால் போனது. எல்லாம் பின்னால் போயின. பின்னால் பள்ளம்.

அவள் தழையைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினாள். ஒன்றைத் தூக்கிக் கொண்டுவந்து மேட்டில் போட்டாள். திரும்பிப் போய் இன்னொன்று. இன்னொன்று. நான் இரண்டைத் தூக்கினேன். நாலாவது தடவை அவள் போகும்போது தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்து காலை வாரியது. நான் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். என்னை அடித்தாள், கடித்தாள், மேட்டுக்குக் கொண்டுவரும் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தாள். அப்புறம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். மூத்த ஆடு கடைசி வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. கத்தக்கூட இல்லை.

மழை விட்டு வெயில் வந்தது. மேட்டில் ஐந்து ஆடு நடுங்கிக்கொண்டு நின்றன. தங்கச்சி ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கம்பி இல்லீங்கறத அதுகளுக்கு ஆருங்கண்ணா சொல்றது?” என்று கேட்டாள். என்னிடம் கேட்டது போலவும் இல்லை.

பதினெட்டாம் நம்பர் கம்பி எடுத்தது தப்பா, பதினாலு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் திரும்பும் வழியில் பஸ்ஸில் யோசித்தேன். எப்படிப்பட்ட மடையன் பாருங்கள், அப்போதும் கம்பியைத்தான் யோசித்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்னுடையது. தங்கச்சி கஷ்டப்படுகிறாள் என்று உருகி உருகி வேலி போட்டேன். உண்மையில் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் போட்டேன். இது எனக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று.

என் மனைவியிடம் சொன்னேன். நான் பயந்த மாதிரி அவள் முகம் ஒன்றும் போகவில்லை. “அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே, நான் வேண்டாம்னா சொன்னேன்?” என்றாள். முதலாளியிடம் கேட்டேன். துணி பார்க்கிற வேலைக்கு நாளைக்கே வரட்டும் என்றார். இவ்வளவு சுலபமான காரியம். ஒன்றரை வருஷத்துக்கு முன்பே வாயைத் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அடுத்த வாரமே கூப்பிடப் போனேன். மிஞ்சிய ஐந்து ஆட்டைக் கொழுந்தனார் தன் மந்தையில் சேர்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி அவர் கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். “கெளம்பு அம்மிணி. மத்தியானப் பஸ்ஸுக்குப் போயிரலாம்,” என்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு துணி மூட்டை கட்டினாள். கொழுந்தனாரிடமும் அவர் வீட்டு அம்மாவிடமும் சொல்லிக்கொண்டாள். அவர்கள் யாரும் தடுக்கவில்லை, நல்லாருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். எனக்குப் பின்னால் மூட்டையோடு நடந்து வந்தாள்.

காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. ரோட்டுக்குப் போக அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள், கடவு என்போம். நான் அதைத் தாண்டி ரோட்டில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் கடவுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள்.

“வா அம்மிணி, பஸ்ஸு வந்துரும்.”

“வாரனுங்கண்ணா,” என்றாள். வரவில்லை. மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

“என்னாச்சு?”

“போலாமுன்னுதானுங்கண்ணா வந்தேன். காலு வரமாட்டீங்குதுங்க.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். “நீங்க போயிட்டு வாங்கண்ணா, நான் மறுக்கா வாரனுங்க,” என்றாள். நான் ஏறிக்கொண்டேன். அவள் மூட்டையோடு அங்கேயே நின்றாள்.

மறுபடியும் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் கடவு வரைக்கும் வந்தாள். அங்கே ஒரு முள் கிடையாது, படல் கிடையாது, திறந்துதான் கிடந்தது. மூன்றாம் தடவைக்கு மேல் நானும் கூப்பிடவில்லை. அந்தக் கட்டுத்தரையிலேயே அவள் காலம் முடிந்தது.

வெள்ளத்தில் நான் இரண்டு ஆட்டைத் தூக்கி மேட்டில் போட்டேன். கடவில் நின்றவளைத் தூக்க எனக்குத் தோன்றவில்லை. பத்தடி தூரம்தான்.